மர்மக் காய்ச்சல்

ஆவணியில் நாலு மழை பெய்ததும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செய்திப் பக்கத்தில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும்: மர்மக் காய்ச்சல். 2016 செப்டம்பரில் திருவாலங்காட்டுப் பக்கம் காவேரிராஜபுரத்தில் நான்கு குழந்தைகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் இறந்தபோது அந்தச் சொல் முதல் பக்கத்துக்கு ஏறியது. தொலைக்காட்சி வண்டிகள் வந்தன. தெரு ஓரங்களில் ப்ளீச்சிங் பவுடர் கோடு விழுந்தது. சில நாள்களில் வண்டிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன.

அந்தச் சொல்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. காய்ச்சலில் மர்மம் ஏது? கொசு கடித்து வந்தால் டெங்கு. உண்ணி கடித்து வந்தால் உண்ணிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நின்றால் எலிக் காய்ச்சல். கெட்ட தண்ணீரால் வந்தால் டைபாய்டு. எதுவென்று தெரியவில்லை என்றால், ரத்தத்தை இன்னும் சோதிக்கவில்லை அல்லது சோதிக்கிற இடம் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். 'மர்மம்' என்று எழுதிவிட்டால் மற்றதெல்லாம் அடங்கிவிடுகிறது. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றிரவு யார் இருந்தார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் எவ்வளவு தூரம் ஓடினாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. காத்து கருப்பு அடித்ததுபோல வந்தது, கொண்டுபோனது, அவ்வளவுதான்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சமூகம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. எப்படி வந்தது? யாரால் வந்தது? முதல் கேள்வியில் தண்ணீர், காற்று, சாக்கடை, சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் வெளியே வரும். இரண்டாவதில் ஒரு முகம் கிடைக்கும். பயந்த மனிதனுக்கு முகம்தான் வேண்டும். அதை அவனுக்குக் கொடுக்கும் வேலையைச் செய்தி ஏற்றுக்கொள்ளும்போது என்ன நடக்கும் என்பதைக் கும்மிடிப்பூண்டியில் இருந்து பார்த்தவன் நான்.

கும்மிடிப்பூண்டி, தமிழ்நாட்டின் வடக்கு வாசல். ஜி.என்.டி. சாலையில் எளாவூர் சோதனைச்சாவடியும் ஆரம்பாக்கமும் தாண்டினால் ஆந்திரம். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்கள், ரோலிங் மில்கள், ரசாயனத் தொழிற்சாலைகள். அவற்றில் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பகுதி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று ரயிலேறி வந்தவர்கள். 1990இல் தொடங்கிய இலங்கைத் தமிழர் முகாமும் இங்கேதான் இருக்கிறது; தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. வந்தவர்களை வைத்தே வளர்ந்த ஊர் இது.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். கொரோனாவுக்காக நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. அவர் பேசியது இந்தி. எங்கள் தெருவில் அதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பக்கத்து லைன் வீட்டுப் பையன்கள்தான். நாங்கள் தமிழில் கீழே ஓடும் எழுத்துக்காகக் காத்திருந்தபோது அவர்கள் செல்போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரு ராத்திரிதான் அவர்களுக்குச் செய்தி முதலில் கிடைத்தது. மறுநாளிலிருந்து எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே அரிசி கொடுக்கிறார்கள், காய்ச்சல் கண்டால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதெல்லாம் தமிழில் வந்தன. அவர்களைப் பற்றிய செய்தியும் தமிழில்தான் வந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் முதல் வாரத்தில் மளிகைக்கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் இரண்டாவது வட்டத்தில் அந்தப் பையன்களில் ஒருவன். இருமினான். ஃபர்னஸ் முன்னால் வேலை பார்க்கிறவனுக்கு இருமல் ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊரில் அந்த இருமலைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அன்றைக்கு வரிசை கலைந்தது. "டேய், தள்ளிப் போடா" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தார். நானும் என் வட்டத்தை விட்டுப் பின்னால் போனேன். சாயங்காலத்துக்குள் 'சிப்காட்டில் ஹிந்திக்காரனுக்கு வந்துவிட்டது' என்ற குரல் பதிவு நாலு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக எனக்கே திரும்பி வந்தது. இரண்டு நாளில் வீட்டுக்காரர் அந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். எட்டுப் பேர் பைகளைத் தூக்கிக்கொண்டு ஜி.என்.டி. சாலைப் பக்கம் நடந்தார்கள். பின்னால் போன அந்த இரண்டடியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பயம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். மருந்து இல்லாத நோய்க்குப் பயப்படாமல் இருக்க முடியாது. நம் முன்னோர்களும் பயந்தார்கள். இந்த மாவட்டமே அந்தப் பயத்தின் கோயில்களால் ஆனது. பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு வேப்பிலையையே ஆடையாகக் கட்டிக்கொண்டு வலம்வருவதாக இன்றும் வேண்டிக்கொள்கிறார்கள். திருவேற்காட்டில் கருமாரி. திருவள்ளூரில் பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்று பெயர். நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள், உப்பும் மிளகும் போடுகிறார்கள். அம்மை போட்ட வீட்டு வாசலில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருப்பார்கள். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீடு தனியாக இருக்கும். "அம்மா வந்திருக்கா" என்று தணிந்த குரலில் சொல்வார்கள். படுத்திருக்கும் உடம்புக்குள் தெய்வம் இருப்பதாக நம்பியதால் அந்த உடம்பைத் திட்ட யாருக்கும் வாய் வராது.

இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை அல்ல, தடுப்பூசி. 1975க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை; 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முன் அம்மன் கொண்டுபோன பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஒரு வீட்டைத் தனியே வைப்பது வேறு, அந்த வீட்டை அவமானப்படுத்துவது வேறு என்ற அறிவு அந்த வேப்பிலைக் கொத்தில் இருந்தது. 2020இல் நாம் வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் தெருவை அடைத்த தகரத்திலும் அது இல்லாமல் போனது. ஸ்டிக்கரைப் படம்பிடித்துத் தெருப் பெயரோடு பரப்பினார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அதற்குரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய வீடுகளின் வாசலில் அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 டிசம்பர் 9 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் பால்காரரும் வராத வாசலைப் பார்த்துவிட்டன.

மாலை ஆறு மணி என்றால் அந்த நாள்களில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடும். இன்றைக்கு எத்தனை பேர், எந்த மாவட்டம், எத்தனை சாவு. முள் முளைத்த சிவப்புப் பந்து ஒன்று திரையில் சுழலும். பின்னால் பேய்ப் படத்து இசை. 'புதிய உச்சம்', 'கிடுகிடு உயர்வு', 'பீதியில் மக்கள்'. பீதியில் இருக்கிற மக்களிடமே பீதியில் மக்கள் என்று சொல்வது எந்த வகைச் செய்தி?

அந்த மாலைகளில்தான் 'தொடர்பு' என்ற சொல் பிறந்தது. மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த இஸ்லாமிய மாநாட்டுக்குப் போய்வந்தவர்களின் எண்ணிக்கை தனியாகச் சொல்லப்பட்டது. சில நாளில் அரசு மாநாட்டின் பெயரை விட்டுவிட்டு 'சிங்கிள் சோர்ஸ்' என்று சொல்லத் தொடங்கியது. ஆனால் எந்தத் தெருவைக் குறிக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தள்ளுவண்டியில் பழம் விற்கிற பாயிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டவர்மேல் போட்ட வழக்குகளை ரத்துசெய்தபோது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, இவர்கள் பலிகடாவாக்கப்பட்டார்கள் என்றது. ஊடகங்களின் பிரச்சாரத்தையும் கண்டித்தது. அது ஆகஸ்ட் 21. ஏப்ரலில் மணிக்கணக்கில் ஓடிய விவாதங்களுக்கு ஈடாக அந்தத் தீர்ப்புக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பிறகு கோயம்பேடு. தொற்று பரவியதால் மே 5 அன்று சென்னையின் அந்தச் சந்தையை மூடி, எங்கள் மாவட்டத்துத் திருமழிசைக்குக் காய்கறி மொத்த வியாபாரத்தை மாற்றினார்கள். 'கோயம்பேடு தொடர்பு' என்ற முத்திரையோடு கடலூருக்கும் அரியலூருக்கும் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளிகளைச் சொந்த ஊரே பள்ளிக்கூடத்தில் அடைத்துத் தூரத்தில் நின்று பார்த்தது. ஒரு மாநகரமே தின்பதற்குத் தோளில் மூட்டை சுமந்தவர்கள் அவர்கள். தோளோடு தோள் உரசாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. சந்தை ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, ஏன் ஏப்ரல் முழுவதும் அப்படியே நடந்தது என்பது 'எப்படி' என்ற கேள்வி. சுமைதூக்கி 'யார்' என்ற கேள்விக்கான விடை.

அடுத்தது எங்கள் முறை. ஜூன் 19 முதல் 30 வரை பன்னிரண்டு நாள் முழு ஊரடங்கு: சென்னையோடு சேர்த்து திருவள்ளூர் நகராட்சி, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பேரூராட்சிகள். அறிவிப்பு வந்ததும் இருசக்கர வண்டிகளில் மூட்டைகட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பியவர்களைத் தொலைக்காட்சி 'சென்னையைக் காலி செய்யும் மக்கள்' என்று காட்டியது. தென்மாவட்டங்களில் சில கிராமங்கள் தண்டோரா போட்டன: சென்னையிலிருந்து வருகிறவர்களை ஊருக்குள் விடக் கூடாது. என் உறவுக்காரர் ஒருவர் பெற்ற தாய் இருக்கும் வீட்டு வாசல்வரை போய், வயல்காட்டு மோட்டார் கொட்டகையில் பதினான்கு நாள் படுத்திருந்தார். ஏப்ரலில் வடக்கேயிருந்து வந்தவனைக் கண்டு தள்ளி நின்றவர்கள்தான் ஜூனில் தள்ளி வைக்கப்பட்டார்கள். அதை அனுபவித்த பிறகாவது அந்த லைன் வீட்டுப் பையன்களை நினைத்திருப்போமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுடுகாட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

திருவாலங்காடு இந்த மாவட்டத்தில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பிணம் எரியும் காட்டைப் பாடியது அங்கேதான். எல்லோரும் விலகிப்போகும் இடத்தில் இறைவன் ஆடுகிறான் என்று கண்ட பெண். அவர் தலையால் நடந்த மண் என்று அங்கே கால் வைக்கத் தயங்கிய அடியார்களின் கதை நமக்குத் தெரியும். அந்த மண்ணிலிருந்து அதிகத் தொலைவில்லாத அம்பத்தூரில், 2020 ஏப்ரல் 13 அன்று, வானகரத்துத் தனியார் மருத்துவமனையில் கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை எரிக்க மக்கள் விடவில்லை. உடல் மருத்துவமனைக்கே திரும்பிப்போனது. ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ். கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காட்டில் கல்லும் கட்டையும். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. கூட வந்த ஊழியர்களுக்கு ரத்தக் காயம். விரட்டப்பட்ட நண்பர், எலும்பு மருத்துவர் பிரதீப் குமார், நள்ளிரவில் போலீஸ் காவலோடு திரும்பிவந்து, இரண்டு மருத்துவமனை ஊழியர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரைப் புதைத்தார்.

இறந்த உடல் மூச்சு விடாது, இருமாது. உரிய முறையில் கட்டிய உடலைப் புதைப்பதாலோ எரிப்பதாலோ அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தில்லை, சாம்பலால் எந்தத் தீங்கும் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் 15ஆம் தேதியே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் அந்தத் தாள் இருந்தது. அந்த ஒரு மாதமும் எந்த நேரத்தில் தொலைக்காட்சியைப் போட்டாலும் இத்தாலியின் சவப்பெட்டிகளும் விண்வெளி உடைபோல் ஒன்றை மாட்டிக்கொண்டு குழியில் உடலைத் தள்ளும் ஆள்களும் வந்தார்கள். அந்தப் படங்களை நூறு தடவை காட்டியவர்கள் அந்தத் தாளின் இரண்டு வரியைப் பத்துத் தடவை சொல்லியிருந்தால் வேலங்காட்டில் அத்தனை கல் விழுந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல் எறிந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. அவர்கள் கைக்குக் கல் எந்த வழியாக வந்தது என்று கேட்கிறேன்.

அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டுவரை சிறை என்று ஏப்ரல் 26ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. அதற்கு வழி செய்ததும் செய்திதான்: கணவர் சைமனின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம்செய்யக் கேட்டுக்கொண்ட மனைவியின் குரலை எல்லாத் தொலைக்காட்சிகளும் ஒலிபரப்பின. மாநிலம் வெட்கப்பட்டது. கேமராவுக்கு அந்தச் சக்தியும் உண்டு.

ஊடகக்காரர்களை ஒட்டுமொத்தமாகத் திட்டிவிட்டுப் போவது எளிது, அது நியாயமில்லை. அவர்களும் வீட்டுக்குப் போகப் பயந்தவர்கள். அந்த ஏப்ரலில் சென்னையின் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. ஜூன் 27 அன்று ராஜ் டிவியின் ஒளிப்பதிவாளர் வேல்முருகன் இறந்தார். நெடுஞ்சாலையில் சொந்த ஊருக்கு நடந்த தொழிலாளர்களோடு நடந்து, அவர்கள் காலின் கொப்புளங்களைக் காட்டியதும் செய்தியாளர்கள்தான். சென்னையின் சாவுக் கணக்கு இடுகாட்டுப் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று தோண்டி எழுதினார்கள். ஜூலை 22 அன்று விடுபட்ட 444 சாவுகளை அரசு கணக்கில் சேர்த்தது. அந்தச் செய்தி யாரையும் பயமுறுத்தவில்லை. உண்மைக் கணக்கு பயத்தைக் குறைக்கும். மறைத்த கணக்கில்தான் வதந்தி குடியேறும்.

மறு ஆண்டு ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்கள் முன் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இதய ரத்தக்குழாய் அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். திரையில் ஊசி போடும் காட்சியும் ஆம்புலன்ஸ் காட்சியும் அடுத்தடுத்து ஓடின. இரண்டுக்கும் நடுவே யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் முகாமுக்குப் போகக் கிளம்பியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த மனிதர் எதற்காக ஊசி போட்டுக்கொண்டாரோ அதற்கு நேர் எதிராக அவருடைய சாவைப் பயன்படுத்திவிட்டோம்.

லைன் வீட்டுக்குத் திரும்புகிறேன். ஊரடங்கு தளர்ந்த பிறகு மில்கள் ஓடத் தொடங்கின. ஆள்கள் திரும்பி வந்தார்கள், பழையவர்கள் சிலர், புதியவர்கள் பலர். ஒரு நாள் மீட்டர் கணக்கு எடுக்க வந்தவரோடு நானும் அந்த அறைக்குள் முதல் தடவையாகப் போனேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதுதான் முதல் தடவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். மேலே சிமென்ட் ஷீட். பகல் ஷிப்ட்காரர்கள் எழுந்துபோன பாயில் இரவு ஷிப்ட்காரர்கள் படுத்திருந்தார்கள். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு. வெளியே ஆறு அறைக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். அறைக்கு ஒரு சன்னல்; அதையும் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

கொரோனா மூடிய அறையின் காற்றில் பரவும் என்பதை உலக சுகாதார அமைப்பே தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டது. அதுவரை நாம் தெருவுக்கு மருந்தடித்தோம். திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தோம்; பிறகு அது ஆகாது என்று அரசே நிறுத்தச் சொன்னது. உத்தரப் பிரதேசத்துப் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியால் நனைத்தார்கள். உடம்பைக் கழுவினோம், சாலையைக் கழுவினோம். அந்த அறையின் அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடித்துக் கொடுக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய். அது ஒரு செய்தியில்கூட வரவில்லை. அந்த அறைகளில் இருந்தவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள், ஆபத்தாக.

செய்தி எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்னொரு காய்ச்சல் வரும். எங்கள் மாவட்டத்துக்கு ஆவணிதோறும் வருகிறது. அப்போது ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர்களின் முகத்துக்கு மைக்கை நீட்டுவதற்கு முன்னால் சிப்காட் பின்புறத் தெருவுக்கு ஒருமுறை வாருங்கள். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். எத்தனை பேர் படுக்கிறார்கள், குழாய் எத்தனை, சன்னல் திறக்கிறதா என்று எண்ணி எழுதுங்கள். அவர்களுக்குப் புரிகிற மொழியிலும் நாலு வரி போடுங்கள்.